பொலிஸ்காரன் சொன்ன மான்

தம்பி,

இதைக் காருக்குள் இருந்து வாசிக்காதே. கடிதப் பெட்டியைத் திறந்த கையோடு, என்ஜின் ஓட ஓட, அங்கேயே உறையைக் கிழிக்கிற பழக்கம் உனக்கு உண்டு. வீட்டுக்குள் போ. சப்பாத்தைக் கழற்று. தர்சினி தேத்தண்ணி தந்தால் வாங்கிக் குடி. பிறகு ஓரிடத்தில் இருந்து வாசி. உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும் என்று எனக்குத் தெரியும். நீ மெதுவாக வாசிக்க வேண்டும் என்பதற்காகத்தான் தமிழில் எழுதுகிறேன். தொலைபேசியில் சொல்லலாம் என்றால், நான் வாயைத் திறப்பதற்குள் "அம்மா, பேந்து கதைக்கிறன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

நேற்று உன் மனைவி அழுதுகொண்டே எனக்குத் தொலைபேசி எடுத்தாள். "மாமி, அம்மாவை வரவேண்டாமாம். ஆஸ்பத்திரியில வந்து பிள்ளையைப் பாத்திட்டுப் போகட்டுமாம். வீட்டுப் பக்கம் வரக்கூடாதாம்," என்றாள். ஜனவரியில் உங்களுக்கு இரண்டாவது பிள்ளை பிறக்கப்போகிறது. பெற்ற தாய் மொன்ட்ரியால்-நோரில் உயிரோடு இருக்க, தர்சினி புரோசார்ட்டில் தாயில்லாதவள் மாதிரிப் பிள்ளை பெற்று, தானே எழும்பி, தானே பத்தியம் காய்ச்ச வேண்டும். உன்னிடம் கேட்டபோது என்ன சொன்னாய்? "அந்த மனுசியின்ர கையால என்ர பிள்ளைக்கு ஒண்டும் வேண்டாம். ஆலாத்தியும் வேண்டாம், ஒரு கோதாரியும் வேண்டாம்." அந்த மனுசிக்குப் பெயர் இருக்கிறது. பூமணியக்கா. உன் மாமி. அவர் வர வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். ஏன் என்று சொல்லும்போது உனக்கு நோகிற இடம் ஒன்று வரும். நோகட்டும். எனக்கும் நோகாமல் இதை எழுதவில்லை.

இந்த வின்ரரில் இருந்து கெபெக்கில் எல்லாரும் பனி ரயர் போட்டே ஆக வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறதே, அப்பா இருந்திருந்தால் எப்படித் துள்ளியிருப்பார்! "கவுண்மேந்துக்கு இப்பதான் மூளை உருகியிருக்கு" என்று ஒரு கிழமைக்குச் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பார். காரும் குளிரும் பற்றி அவரிடம் ஒரு வேதமே இருந்தது. பெற்றோல் பாதிக்குக் கீழே இறங்கக் கூடாது. இரவில் துடைப்பான் இரண்டையும் தூக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் காலையில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். ஸ்னோ மூடிய புகைக்குழாயைத் துப்புரவாக்காமல் காரை ஸ்ரார்ட் பண்ணக் கூடாது. கண்ணாடிக்குச் சுடுதண்ணீர் ஊற்றக் கூடாது. இந்தக் கடைசி விதி எப்படி வந்தது என்று உனக்கும் தெரியும். நான் ஒருநாள் அவருக்கு உதவி செய்கிறேன் என்று கேத்திலில் கொதித்த தண்ணீரைக் கொண்டுபோய் ஊற்ற, கண்ணாடி இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் வெடித்தது. அதைச் சொல்லிச் சொல்லியே அந்த வின்ரர் முழுக்க என்னைப் பழித்தார்.

ஆனால் எல்லாவற்றுக்கும் மேலான விதி ஹான்ட் பிறேக். கனடாவுக்கு வந்த முதல் வின்ரரில், ஊரில் பழகியபடி ஹான்ட் பிறேக்கை இழுத்துவிட்டு வேலைக்குப் போயிருக்கிறார். வேலை முடிந்து வந்து பார்த்தால் கேபிள் உறைந்து இறுகிப்போய், பின் சில்லு இரண்டும் கட்டிப்போட்ட மாடு மாதிரி நிற்கின்றன. பார்க்கிங்கில் ஒரு குருவியும் இல்லை. கையுறையைக் கழற்றிவிட்டுக் காருக்கு அடியில் கிடந்து கேபிளைத் தட்டித் தட்டிப் பார்த்திருக்கிறார். வலக்கையில் இரண்டு விரல் நுனி செத்துப்போனது அன்றைக்குத்தான். அதன்பிறகு வின்ரரில் ஹான்ட் பிறேக்கைத் தொட்டால் அவருக்குப் பேய் பிடித்துவிடும். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கடைத்தொகுதிப் பார்க்கிங்கில் உனக்குக் கார் பழக்கும்போது நான் பின் சீற்றில் இருந்திருக்கிறேன். "சறுக்கினா பிறேக்கை மிதியாதை, காலை எடு, சறுக்கிற பக்கம் திருப்பு" என்று பொறுமையாகத்தான் சொல்லுவார். நீ நிறுத்திவிட்டு அந்தப் பிடியில் கைவைத்தால் மட்டும் அந்தச் செத்த விரலாலேயே உன் கையைத் தட்டிவிடுவார். "அதைத் தொடாதை எண்டெல்லே சொன்னனான். கியரைப் பார்க்கில போட்டாக் காணும்." நீ நல்ல பிள்ளை. ஒருமுறை சொன்னால் கேட்பாய்.

அவர் ஒரு பகிடி சொல்லுவார், நினைவிருக்கிறதா? நவம்பரில் பியர்பொன்ட்ஸில் வீட்டுக்கு வீடு காரை மூட வெள்ளைத் துணிக் கூடாரம் அடிப்பார்கள். "தெரு முழுக்கச் செத்தவீடு" என்பார். எங்கள் வாசலில் அடிக்க விடவே இல்லை. "நான் உயிரோட இருக்கேக்க என்ர வாசலில வெள்ளை கட்ட வேண்டாம்." இப்போது நான் அடித்திருக்கிறேன். ஸ்னோ தள்ள எனக்கு இடுப்பில் பலமில்லை.

இனி அந்த இரண்டு நாளைப் பற்றிச் சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் ஒருமுறை முழுதாக, ஒருவரும் குறுக்கே கத்தாமல், நீ கேட்டதில்லை.

உங்கள் மூத்தவள் ஆரணி பிறந்து துடக்குக் கழிந்த முப்பத்தோராம் நாள். எல்லாரும் அப்போது பியர்பொன்ட்ஸ் வீட்டில்தான் இருந்தோம். கோயிலுக்குப் போய்விட்டு வந்தீர்கள். பிள்ளைக்குக் காற்றுப் படக் கூடாது என்று நீ காரைச் சரிவில் ஏற்றி, மூக்கு வாசல்படியில் இடிக்கிற மாதிரிக் கொண்டுவந்து நிறுத்தினாய். பூமணியக்கா ஆலாத்தித் தட்டோடு நின்றார். மற்றப் பக்கத்தை நான் பிடித்தேன். தர்சினியின் கையில் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு கொட்டாவி விட்டது. சுற்றி முடித்ததும் ஊரில் எப்படிச் செய்வோமோ அப்படியே பூமணியக்கா சிவப்புத் தண்ணீரைப் படிக்குக் கீழே, காருக்கு முன்னால் ஊற்றினார். ஊற்றிவிட்டு ஒரு கணம் யோசித்தார். "காலில மிதிபடக் கூடாது, தங்கச்சி. கழுவி விடுவம்," என்றார். மூன்றாம் மாடி அப்பார்ட்மென்டில் இருக்கிற மனுசி. காரும் இல்லை, சரிவான வாசலும் இல்லை. தண்ணீர் என்றால் ஓடிப் போய்விடும் என்பதுதான் அவருக்குத் தெரிந்தது. எந்தக் குழாய் சுடுதண்ணீர் என்று கேட்டார். நான் காட்டினேன். ஒரு வாளி நிறையக் கொண்டுவந்து ஊற்றினார். ஆவி பறந்தது. சிவப்பு விரிந்து காருக்கு அடியில் போனது. நாங்கள் உள்ளே வந்து சோறு பரிமாறினோம்.

இரவு ஸ்னோ கொட்டி எல்லாவற்றையும் மூடியது. காலையில் பிள்ளைக்கு ஊசி போடக் கிளினிக்குக்குப் போக வேண்டும். நீ இறங்கிப்போய்ப் புகைக்குழாயைத் துப்புரவாக்கினாய், கண்ணாடியைச் சுரண்டினாய், ஸ்ரார்ட் பண்ணி, கியரைப் பார்க்கிலேயே விட்டு, ஹீற்றரை முழுக்கத் திறந்துவிட்டுப் பிள்ளையைத் தூக்க உள்ளே வந்தாய். அப்பா சொல்லித்தந்த எதையும் நீ விடவில்லை. அவர் கீழே, டிரைவ்வே தெருவைத் தொடுகிற இடத்தில் நின்றார். மாநகரசபை வண்டி தெருவைத் தள்ளிக்கொண்டு போகும்போது வாசலை மறித்து ஒரு வரப்புப் போட்டுவிட்டுப் போகுமே, கல்லாக இறுகின வரப்பு, அதைக் கொத்திக்கொண்டிருந்தார். முதுகு வீட்டுப் பக்கம். தொப்பியின் காதுமடல் இரண்டும் கீழே.

நான் குசினி யன்னலில் நின்றேன். கார் நகர்ந்தது. உள்ளே ஒருவரும் இல்லை. முன் சில்லு சுழலவேயில்லை. அப்படியே வழுக்கிக்கொண்டு வந்தது. பின் சில்லு மட்டும் உருண்டது. அதை நான் என் கண்ணால் கண்டேன், அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போது தெரியாது. குளிர் வராமல் யன்னலுக்கு அப்பா ஒட்டியிருந்த பிளாஸ்ரிக்கைக் கிழித்துக்கொண்டு கண்ணாடியில் அடித்தேன். அடித்தது அவருக்குக் கேட்டது. திரும்பாமலே ஒரு கையை உயர்த்தி ஆட்டினார். தேத்தண்ணிக்குக் கூப்பிடுகிறேன் என்று நினைத்திருக்கிறார். "வாறன், வாறன்" என்கிற கை அது. கலியாணம் கட்டின நாளிலிருந்து எனக்குத் தெரிந்த கை.

கொத்திக்கொண்டிருந்த வரப்புக்கும் காருக்கும் நடுவில் அவர் அகப்பட்டார். ஆஸ்பத்திரியில் ஒருமுறைதான் கண்ணைத் திறந்து கதைத்தார். உன்னையும் கேட்கவில்லை, என்னையும் கேட்கவில்லை. "காரை ஓஃப் பண்ணினவனோ? பெற்றோல் சும்மா எரியுது," என்றார். அடுத்த நாள் போய்விட்டார். அவர் விழுந்த இடத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. எல்லாம் உள்ளுக்குள்ளேயே கசிந்தது என்று டொக்ரர் சொன்னார். வாசலில் இருந்த சிவப்பு முழுக்க ஆலாத்திச் சிவப்பு. தெருவால் போனவர்கள் அதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். செத்தவீட்டுக்கு முதல் நாள் நீ அலவாங்கு எடுத்துவந்து அந்தச் சிவப்பு ஐஸை மட்டும் கொத்திக் கொத்தி எடுத்தாய். கூப்பிட்டும் நீ உள்ளே வரவில்லை.

நான் சொல்ல வந்த இடம் இதற்கு முன்னால் இருக்கிறது. அதற்கு உன் பள்ளிக்கூடக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து எங்களுடைய வாய் நீதான். டொக்ரரிடம், வங்கியில், வீட்டுக்காரனிடம், எல்லா இடமும் நீ முன்னால் நின்று பிரெஞ்சில் கதைப்பாய், நாங்கள் உன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்போம். உன் வகுப்பு ஆசிரியை எங்களைக் கூப்பிட்டு, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, மேசையில் விரலால் தட்டித் தட்டி நெடுநேரம் கதைத்தார். "என்னவாம்?" என்று அப்பா கேட்டார். "நான் நல்லாப் படிக்கிறனாம்," என்றாய். வெளியே வந்ததும் அப்பா உன் காதைப் பிடித்தார். "டேய், நல்லாப் படிக்கிற பிள்ளைக்கு அந்த மனுசி ஏன்டா மேசையில அடிச்சது?" பிறகு சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்தது அவருக்கு.

அப்பாவை அம்புலன்ஸில் ஏற்றின பிறகு ஓர் இளம் பொலிஸ்காரன் நம் டிரைவ்வேயில் முழங்கால் போட்டு, கையுறையால் ஸ்னோவை வழித்துப் பார்த்தான். சிவப்பைக் கண்டு உன்னிடம் கேட்டான். நீ சொன்னாய். அவன் எழும்பி, காரின் கதவைத் திறந்து உள்ளே காட்டி, உன்னோடு நெடுநேரம் கதைத்தான். எனக்குப் பிரெஞ்சு இல்லை. ஆனால் அவன் "மான்" என்று சொன்னது காதில் விழுந்தது. ஒருமுறை இல்லை, மூன்று முறை சொன்னான். "என்ன சொல்லுறான்?" என்று கேட்டேன். "தண்ணி உறைஞ்சு ஐஸாயிருக்காம் அம்மா. அந்த ஐஸிலதான் சறுக்கினதாம்." "மான் எண்டு ஏதோ சொன்னானே?" "ஒண்டுமில்லை அம்மா. உள்ள போங்கோ." பியர்பொன்ட்ஸ் பக்கம் காட்டிலிருந்து மான் வரும்தானே. மான் ஏதும் குறுக்கே பாய்ந்ததா, கார் அதனால் அசைந்ததா என்று கேட்கிறானாக்கும் என்று நினைத்தேன். நான் அப்படிப்பட்ட ஆள். பொலிஸ்காரன் வந்து மானைப் பற்றிக் கேட்டான் என்று செத்தவீட்டுக்கு வந்தவர்களிடமும் சொல்லியிருக்கிறேன்.

செத்தவீட்டு மண்டபத்தில் நீ பூமணியக்காவுக்கு முன்னால் போய் நின்று, எல்லாச் சனமும் கேட்கச் சொன்னாய்: "நீங்கள் ஊத்தின தண்ணிதான் எங்கட அப்பாவைக் கொண்டது." அவர் உன் முகத்தைப் பார்த்தார். "ஓம் தம்பி," என்றார். அவ்வளவுதான். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு போய்க் கடைசிக் கதிரையில் இருந்தார். அன்றைக்கு எனக்கும் அவர் முகத்தைப் பார்க்க விருப்பமில்லை. உண்மையைச் சொல்கிறேன், நீ சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது. அதற்குப் பிறகு நீங்கள் புரோசார்ட்டுக்குப் போய்விட்டீர்கள். அவர் உன் வாசலை மிதித்ததில்லை.

அந்தக் காரை நசுக்கக் கொடுக்கச் சொல்லி நீ கெஞ்சினாய். நான் கொடுக்கவில்லை. பியர்பொன்ட்ஸில் கார் இல்லாமல் ஒரு பால் போத்தலும் வாங்க முடியாது. குளிரில் பஸ்ஸுக்கு நின்று நின்று எனக்கு முழங்கால் போய்விட்டது. இந்த வயதில் உங்களுக்கென்ன டிரைவிங் என்று நீ கத்த, நான் போய்ப் பழகினேன். பழக்கினவர் எங்கட ஆள். சோதினைக்காரன் பிரெஞ்சில்தான் சொல்லுவான் என்று சொற்களைப் பாட்டு மாதிரிப் பாடமாக்கச் சொன்னார். வலம், இடம், நிறுத்து, பின்னுக்குப் போ. ஒருநாள் பார்க்கிங்கில் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "அக்கா, அவன் 'ஃப்ரான் அ மான்' எண்டு சொன்னா ஹான்ட் பிறேக்கை இழுக்க வேணும். ஃப்ரான் எண்டா பிறேக். மான் எண்டா கை."

மான் என்றால் கை. நான் ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி இருந்தேன். அவர் திரும்பச் சொல்லச் சொன்னார். அதற்குப் பதிலாக, சம்பந்தமில்லாத ஆள் கேட்கிற மாதிரிக் கேட்டேன், பார்க்கில் போட்டால் கார் நிற்கும்தானே என்று. "முன்சில்லு மட்டும்தான் அக்கா பூட்டும். முன்னுக்கு ஐஸ் எண்டாப் பார்க்கில போட்டும் பிரயோசனமில்லை. பின்சில்லை நீங்கள்தான் பூட்ட வேணும்." "வின்ரருக்குக் கேபிள் உறையாதோ?" "பழைய காருக்கு உறையும். உறைஞ்சாக் கார் நிக்கும். நிக்கிற கார் ஆரையும் கொல்லாது," என்றார். அவருக்கு எங்கள் கதை தெரியாது.

தம்பி, அன்றைக்கு உன்னைப் பிடித்துக் கன்னத்தில் அறைய வேண்டும் போல இருந்தது. பிரெஞ்சு தெரியாத தாயை வாசலில் நிறுத்திவைத்துக்கொண்டு, பாதியை விழுங்கிவிட்டு மிச்சப் பாதியைத் தமிழில் தந்திருக்கிறாய். வீட்டுக்கு வந்து சப்பாத்தையும் கழற்றாமல் நிலத்தில் இருந்து அழுதேன். அழுது முடியும்போது உன்னைத் தூக்கி மடியில் போட்டுக்கொள்ள வேண்டும் போல இருந்தது. நீ பிறேக்கை இழுக்காதது உன் பிழை இல்லை. உன் அப்பா செத்த விரலால் உன் கையில் தட்டித் தட்டிப் படிப்பித்த பாடம் அது. அவர் தன் பாடத்தாலேயே போனார். அதை என் வாயால் சொல்ல எனக்கு இவ்வளவு காலம் எடுத்தது. நீயாகவே வந்து சொல்லுவாய் என்று ஒவ்வொரு ஞாயிறும் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ வருவாய், சாப்பிடுவாய், போவாய்.

இனி உனக்குத் தெரியாத ஒன்று. வெள்ளிக்கிழமைகளில் நான் மொன்ட்ரியால்-நோருக்குப் போய்ப் பூமணியக்காவை ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போகிறேன். அந்தக் காரில்தான். முதல் நாள் அவர் காரைக் கண்டதும் அப்பார்ட்மென்ட் வாசலிலேயே நின்றுவிட்டார். நான் இறங்கிப்போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன். இன்றைக்கும் எங்கே நிறுத்தினாலும் பெல்ற்றைக் கழற்ற முதல், "பிறேக் இழுத்திட்டியளே தங்கச்சி?" என்று கேட்பார். பிடியைக் கண்ணால் பார்த்த பிறகுதான் காலைக் கீழே வைப்பார். போன வின்ரரில் ஒருநாள் ஐஸ் மழை. கண்ணாடி முழுக்க மெழுகு ஊற்றினது மாதிரி. போக முடியாமல் தெருவோரம் நிறுத்தி ஹீற்றரைப் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் இருந்தோம். மனது தாங்காமல் பொலிஸ்காரன் சொன்னதை அவரிடம் சொன்னேன். வாளித் தண்ணீர் மட்டும் இல்லை அக்கா, பிறேக்கும் இழுக்கவில்லை என்று.

அவர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எனக்குத் தெரியும் தங்கச்சி. தர்சினி அண்டைக்குக் கதவடியில நிண்டவள். அவளுக்குப் பிரெஞ்சு விளங்கும்தானே. செத்தவீட்டுக்கு முதலே எனக்குச் சொல்லிப் போட்டாள்."

"அப்ப ஏன் அவ்வளவு சனத்துக்கு முன்னால ஓம் எண்டனீங்கள்?"

"தேப்பனைப் பறிகுடுத்திட்டு நிக்கிற பிள்ளை. அதுக்கு மேல அதையும் தூக்குவானே? தண்ணி ஊத்தினது நான்தானே, பொய்யில்லையே. என்னில போடட்டும் எண்டு விட்டிட்டன்."

இதை வாசித்த பிறகு எழும்பி வெளியே போகாதே. இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது. தர்சினியிடம் ஏன் சொல்லவில்லை என்று சண்டைக்கும் போகாதே. இவ்வளவு காலமும் உன்னோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு, தன் தாயை நீ பேசுகிற பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டு, ஒரு சொல் சொல்லாமல் இருந்திருக்கிறாளே, அவளுக்கு முன்னால் நீ தலைகுனிந்து நின்றாலும் காணாது. இரண்டு பெண்கள் உன் சுமையைத் தலைமாற்றித் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். நீயோ, சுமக்கிறவரையே வாசலில் வைத்துத் துரத்துகிறாய்.

இன்னொன்றும் கண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ வரும்போது டிரைவ்வேயில் ஏற்ற மாட்டாய், தெருவிலேயே நிறுத்துவாய். அதே யன்னலில் நின்று பார்ப்பேன். ஆரணியைப் பின் சீற்றில் விட்டுவிட்டு, சாமான் எடுக்க இறங்கி வருவாய். இன்றைக்கு வரைக்கும் நீ ஹான்ட் பிறேக்கை இழுத்து நான் காணவில்லை. அப்பா சொன்னதை மீறக் கூடாது என்று இருக்கிறாய் என்றுதான் முதலில் நினைத்தேன். அது இல்லை. இப்போது இழுத்தால், அன்றைக்கு இழுத்திருக்கலாம் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். அதுதான் உன் பயம். அந்தப் பயத்துக்காகச் சரிவான தெருவில், ஐஸுக்கு மேலே, உன் மகளைத் தனியே இருத்திவிட்டு வருகிறாய். ஒவ்வொரு முறையும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு யன்னலில் நிற்கிறேன். கண்ணாடியில் அடிக்க எனக்கு இன்னொரு தரம் பலமில்லை, தம்பி.

ஜனவரியில் பிள்ளையைக் கொண்டுவருகிற அன்றைக்கு நான் பூமணியக்காவை என் காரில் ஏற்றிக்கொண்டு பாலம் கடந்து உன் வீட்டுக்கு வருவேன். நீ ஓம் என்றாலும் வருவேன், இல்லை என்றாலும் வருவேன். கதவைத் திறக்காவிட்டால் இரண்டு கிழவிகள் காருக்குள் ஹீற்றரைப் போட்டுக்கொண்டு இருப்போம், உன் அயலவர்கள் பார்க்கட்டும். தாலி கழற்றினவள் ஆலாத்தித் தட்டைப் பிடிக்கக் கூடாது என்கிறார்கள், சரி, நான் பிடிக்கவில்லை. பூமணியக்கா பிடிக்கட்டும், அவர் கைராசியில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. மற்றப் பக்கத்தை அயலில் இருக்கிற யாராவது பிடிக்கட்டும். ஆனால் தண்ணீரை யார் ஊற்ற வேண்டும் என்று ஒரு விதியும் கிடையாது. தட்டை நான் வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் குளியலறையில் ஊற்றி, குழாயைத் திறந்து, கடைசிச் சிவப்பும் போகும் வரைக்கும் நின்று பார்ப்பேன்.

நீ எதுவும் சொல்ல வேண்டாம். மன்னிப்பும் கேட்க வேண்டாம். அந்த மனுசிக்கு அது தேவையில்லை, எனக்குக் கேட்கவும் பயம். ஒன்றே ஒன்று செய். ஆஸ்பத்திரியில் இருந்து வந்து, உன் வாசலில் காரை நிறுத்தி, பார்க்கில் போட்டதும் உடனே இறங்காதே. நாங்கள் இரண்டு பேரும் படியில் நின்று உன்னைப் பார்த்துக்கொண்டிருப்போம். பூமணியக்கா அந்தப் பிடியைத்தான் பார்ப்பார். அவர் கண்ணுக்கு முன்னால் ஹான்ட் பிறேக்கை இழுத்துவிட்டு இறங்கு. கேபிள் உறைந்தால் உறையட்டும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வா, அன்றைக்கு நாங்கள் ஒருவரும் எங்கும் போகப்போவதில்லை.

அம்மா